ஸ்பிண்டில் ஆயில்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் சமையலறை வாசலில் வந்து நின்று புனல் கேட்டார். நல்லெண்ணெய் ஊற்றும் சின்ன அலுமினியப் புனல். கையெல்லாம் கிரீஸ் என்பதால் உள்ளே வரவில்லை. நான் துவரம்பருப்பை வேகப் போட்டிருந்தேன். எதற்கு என்று கேட்டேன். உன் முதுகுக்குத்தான் என்றார். கழுவித் தராவிட்டால் நாளைக்குப் பருப்பில் மெஷின் வாசம் வரும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கழுவிக்கொண்டு வந்தார். சீயக்காய் போட்டுக் கழுவியிருந்தார். வண்டியில் வந்து ஒரு தடவை உட்கார்ந்து பார், மெத்தை மாதிரி இருக்கிறது என்றார். பருப்பு அடிப்பிடிக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

அவர் பெயர் லட்சுமணசாமி. பீளமேட்டில் ஒரு பஞ்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் மாஸ்டர்தான். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் டீச்சர். ராமாமணி என்று என்னைக் கூப்பிட்டது அவர் ஒருவர்தான்.

மில்லில் இருந்தவர்கள் வீட்டில் ஸ்பிண்டில் ஆயில் ஒரு பாட்டில் இல்லாமல் இருக்காது. நூல் நூற்கும் கதிருக்குப் போடும் எண்ணெய். தண்ணீரைப் போல இளசாக இருக்கும், நிறமும் கிடையாது. எங்கள் வீட்டில் தையல் மெஷினுக்கு அதுதான், கேட் கீலுக்கு அதுதான், மேசை விசிறிக்கு அதுதான். ஒரு தடவை என் முழங்காலுக்குக்கூடத் தேய்த்துவிட்டார். நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுச் சுற்றுகிற கதிரையே அது சூடாகாமல் வைத்திருக்கிறது, உன் மூட்டு எம்மாத்திரம் என்பது அவருடைய வாதம். அந்த எண்ணெயை அவர் அவ்வளவு நம்பினார்.

அவருடைய வண்டி ஐம்பத்து நாலாம் வருஷத்து மோரிஸ் கார். வால்பாறையில் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததைப் பதினேழு வருஷத்துக்கு முன்னால் வாங்கி வந்தார். அதை ஓட வைத்தவர் கரும்புக்கடைப் பகுதியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் கரீம். பழைய வண்டிகளின் அடிப்பாகம் பற்றிக் கோயம்புத்தூரில் யார் கேட்டாலும் அவரைத்தான் கைகாட்டுவார்கள். வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் பானெட்டைத் திறக்க மாட்டார். நாலு மூலைக்கும் போய், மட்கார்டில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து முழு பாரத்தையும் போட்டு அமுக்கி, சட்டென்று கையை எடுப்பார். வண்டி மேலே வந்து, ஒரு தடவை இறங்கி, நின்றுவிட வேண்டும். இரண்டாவது தடவை ஆடினால் ஷாக் அப்சரில் ஆயில் இல்லை, அல்லது ஆயிலில் காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வண்டியின் ஷாக் அப்சர் இப்போது வருகிற நீளக் குழாய் மாதிரி இருக்காது. சின்ன இரும்புப் பெட்டி, அதற்குள் ஆயில், பெட்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை. சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது அந்தக் கையும் ஏறி இறங்கும். உள்ளே ஆயில் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டியிருப்பதால் கை மெதுவாகத்தான் அசையும். வண்டியின் ஆட்டம் அதில் அடங்கிவிடும். கையோட பலம் ஆயிலோட கனத்துலதான் இருக்குதுங்க டீச்சர் என்று கரீம் எனக்கு ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து அவிநாசி வரைக்கும் போய் வருவதாக ஏற்பாடு. அதற்காக வியாழக்கிழமை கரீமிடம் விட்டு, முன்பக்கம் இரண்டு பெட்டிக்கும் புது ஆயில் மாற்றி, இறுக்கி வைத்து எடுத்துவந்தார். வெள்ளிக்கிழமை காலையில் தொண்டாமுத்தூர் தாண்டி இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்கு இரண்டு பேரும் போனோம். வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் என் முதுகெலும்பில் யாரோ சுத்தியல் வைத்துத் தட்டுகிற மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது, இதற்கு மாட்டு வண்டியே தேவலை என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நாற்பது வருஷத்தில் அவர் பதில் சொல்லாமல் விட்ட பேச்சுக்கெல்லாம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஏதாவது வேலை நடக்கும். அன்றைக்கும் நடந்தது. கரீம் ஊற்றிய கனமான ஆயிலை ஊசிக்குழல் போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, என் புனலை வைத்து ஸ்பிண்டில் ஆயிலை ஊற்றினார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குத் தோப்புக்குத் தனியாகக் கிளம்பினார். பத்து மணிக்குப் போன் வந்தது. வண்டி நேரான ரோட்டை விட்டு இறங்கி, ஒரு வெங்காயக் காட்டுக்குள் போய் வரப்பின் மேல் ஏறி நின்றிருந்தது. அவர் ஸ்டீரிங்கின் மேல் சாய்ந்திருந்தார். நெற்றியில் ஒரு காயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

மாரடைப்பு என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பிரேக்கும் ஸ்டீரிங்கும் சரியாக இருப்பதாக வண்டியைப் பார்த்த ஆய்வாளர் எழுதினார். ஷாக் அப்சரை யாரும் பார்க்கவில்லை; அதைப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாளில் இடமும் இல்லை.

எங்கள் மகன் வம்சி பெங்களூரிலிருந்து வந்தவன் அந்தத் தாள்களை ஏற்றுக்கொள்ளவில்லை. மாரடைப்பென்றால் நெற்றியில் எதற்குக் காயம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் போன் செய்தபோது, கரீம் கை வைத்த பிறகு வண்டி வேறு மாதிரி ஓடுகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். முதுகு வலிக்கிறது என்று நான் சொன்னதைத்தான் அப்படிச் சொன்னார். வம்சி அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்குள் நாங்கள் தெலுங்குதான்; ஆனால் இந்த விஷயத்தை மட்டும் அவன் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் தமிழில் சொன்னான். கருமாதி முடிந்ததும் அந்த ஆள் மேல் போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னான். கரீமைப் போனில் கூப்பிட்டு அவரிடமும் சொல்லிவிட்டான். சின்ன வயதில் கரீமண்ணா என்று அவர் ஷெட்டில் நட்டு போல்ட்டு பொறுக்கி விளையாடியவன்.

உடலை எடுத்த அன்றைக்குக் கரீம் வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். எனக்கு அது மட்டும் நினைவிருக்கிறது.

பதினாறாம் நாள் கழிந்து மூன்றாவது நாள், கரீமின் மனைவி உம்மல் குல்சும் வந்தாள். மகளின் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, மகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எப்போது வந்தாலும் ஒரு தூக்குப் போசியோடு வருகிறவள் அன்றைக்கு வெறுங்கையோடு நின்றாள்.

"எது கொண்டாந்தா எடுத்துக்குவீங்கன்னு தெரியலீங்க அக்கா. அதான் சும்மா வந்துட்டேன்."

வம்சி வெளியே போயிருந்தான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். சேரின் நுனியில் உட்கார்ந்துகொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மாஸ்டர் படத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். காபி வேண்டாமென்றாள். பிறகு குடித்தாள்.

கரீம் பத்தொன்பது நாளாக ஷெட்டைத் திறக்கவில்லை என்றாள். பள்ளிவாசலுக்குப் போவார், வருவார், படுத்துக்கொள்வார். உள்ளே நாலு வண்டி பிரித்தபடி நிற்கிறது. அந்த வண்டிக்காரர்கள் போன் செய்தால் எடுப்பதில்லை. சோறு தின்னும்போது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"ஒரே பேச்சுத்தானுங்க அக்கா. ஆயில் ஊத்துனேன், காத்த எடுத்தனா எடுக்கலையான்னு. எடுத்தீங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன். நீ பாத்தியாங்கறாரு. நான் எங்கீங்க பாத்தேன். தம்பி போன் பண்ணிப் போலீசுக்குப் போறேன்னுச்சுங்களா, இவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? போங்க தம்பி, நானே வந்து கையெழுத்துப் போடறேன்னுட்டாரு. பக்கத்துல நின்னுட்டு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

நான் காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"புள்ளைங்கெல்லாம் அந்த ஊட்டுக்குப் போகாதே, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கன்னுதுங்க. நாந்தான் வந்தேன். அவரு ஒருக்கா அந்த வண்டியப் பாக்கோணுமுங்க. அவரு தப்புன்னா தப்புன்னே தெரியட்டும். தெரியாம கெடக்கறதுதானுங்க ஆவறதில்ல. விடுவீங்களாக்கா?"

அப்போதுதான் எனக்குப் புனல் ஞாபகம் வந்தது. அப்போதுதான் வந்தது என்று சொன்னால் பொய். பத்தொன்பது நாளும் அது சமையலறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கரீம் ஊற்றிய ஆயில் அந்த வண்டியில் இல்லை என்பதை அப்போதே குல்சுமிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, மாஸ்டர் ஏன் மாற்றினார் என்பது. என் முதுகுக்காக. நான் சொன்ன ஒரு சொல்லுக்காக. அந்த எண்ணெய் ஒரு மனிதரைக் கொல்லக்கூடியதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கரீம். அவரிடம் கேட்கப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோப்புக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

வண்டியைத் தோப்பில்தான் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். புண்ணாக்கு மூட்டை அடுக்கும் அட்டைக் கொட்டகையில் நின்றது. முன்பக்கம் வெங்காயத்தாள் ஒட்டிக் காய்ந்திருந்தது. வம்சி என்னைத் தன் காரில் அழைத்துப்போனான். கரீம் பார்ப்பதில் அவனுக்குச் சம்மதம்தான். பார்த்தால் அவர் வாயாலேயே வரும் என்று நினைத்தான். அந்த வாரம் மலையிலிருந்து யானை இறங்கி மேற்குப் பக்கத்து வேலியைச் சாய்த்து, மூன்று தென்னம்பிள்ளையின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போயிருந்தது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஈஸ்வரமூர்த்தி அதைப் பற்றியே பேசிக்கொண்டு கூடவே நடந்தார். எனக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்தது.

கரீமும் குல்சுமும் மொபெட்டில் வந்தார்கள். அவர் இளைத்திருந்தார். என்னைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்தார், அவ்வளவுதான். குல்சும் இந்தத் தடவை பெரிய போசி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். தேங்காய்ப்பால் சோறு என்று சொல்லி நிழலில் வைத்தாள்.

வம்சி போனை எடுத்துப் பிடித்துக்கொண்டு, நான் வீடியோ எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

"எடுங்க தம்பி," என்றார் கரீம். "கைய எடுங்க. மூஞ்சிய எடுத்து என்ன பண்றது, சவரம் பண்ணி ஒரு வாரமாச்சு."

சிரிக்க வைப்பதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஈஸ்வரமூர்த்தி சிரித்துவிட்டார்.

கரீம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெங்காயத்தாளை நகத்தால் சுரண்டினார். இடது முன் மூலைக்குப் போய், உள்ளங்கைகளை மட்கார்டில் வைத்து அமுக்கிக் கையை எடுத்தார்.

வண்டி மேலே வந்தது. இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. மூன்றாவது தடவையும் தொட்டில் மாதிரி ஆடி, அதன் பிறகுதான் நின்றது.

வலது மூலைக்குப் போனார். அங்கும் மூன்று.

அப்படியே புண்ணாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுல நிறுத்திக் குடுத்தனுங்க," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "ரெண்டு பக்கமும் ஒண்ணுல நின்னுச்சுங்க. மாஸ்டரே அமுக்கிப் பாத்தாரு."

"பாத்துக்கங்க," என்றான் வம்சி. போன் கரீமின் கைகளுக்கு நேராக இருந்தது. குல்சும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் தமிழில்தான் சொன்னேன். தெலுங்கில் சொன்னால் வம்சிக்கு மட்டும் சொன்னதாக ஆகியிருக்கும்.

"அதுல இருக்கறது கரீம் ஊத்துன ஆயில் இல்ல. வெள்ளிக்கெழம சாயங்காலம் உங்கப்பா எடுத்துட்டு ஸ்பிண்டில் ஆயில் ஊத்துனாரு. நாந்தான் புனல் எடுத்துக் குடுத்தேன்."

வம்சி போனைக் கீழே இறக்கினான். கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். எதற்கு ஊற்றினார் என்று மெதுவாகக் கேட்டான்.

"குலுக்கிப்போடுது, முதுகு வலிக்குதுன்னு சொன்னேன். மாட்டு வண்டியே தேவலைன்னேன். அதுக்காக ஊத்துனாரு."

"இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

"சொன்னா நாந்தான் கொன்னேன்னு ஆயிருமேன்னு சொல்லல."

தோப்புக்குள் மட்டை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. கரீம் எழுந்து, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். ஜாக்கி வைத்து வலது சக்கரத்தைக் கழற்றினார். பெட்டியின் மேல் மூடியைத் திருகி எடுத்து, ஒரு கம்பியை உள்ளே விட்டு நனைத்து, விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். மூக்கில் வைத்தார்.

"ஸ்பிண்டிலேதானுங்க," என்றார். விரலைத் துணியில் துடைத்தவர் தலையை ஆட்டிக்கொண்டார். "மாஸ்டரு மாஸ்டருதானுங்க டீச்சர். முதுகு வலிக்குதுன்னு ஒரு போன் பண்ணியிருந்தா நானே கொஞ்சம் தளத்திக் குடுத்திருப்பனே. மில்லு ஆயில் பத்தாத எடம் ஒலகத்துலயே இல்லன்னு நெனச்சுப்போட்டாரு."

எனக்கு அழுகை வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"இதனாலதான் போனாரா? மறைக்காம சொல்லீருங்க கரீம்."

"இருங்க டீச்சர். வண்டியக் கேக்கோணும்."

மண்ணில் சாக்கை விரித்துப் படுத்து வண்டிக்கடியில் தலையை விட்டார். டார்ச்சைப் பிடிக்க ஆள் கேட்டார். ஈஸ்வரமூர்த்தி குனிவதற்குள் வம்சி மண்டி போட்டு வாங்கிக்கொண்டான். நான் பக்கத்தில் குந்தினேன். முதுகு வலித்தது, பொருட்படுத்தவில்லை. சக்கரம் ரொம்ப மேலே ஏறினால் இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க உள்ளே கட்டை மாதிரி ஒரு ரப்பர் இருக்கிறது. அதைத்தான் அவர் பார்த்தார். கறுப்பு ரப்பரின் முகத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு.

"இது என்னங்க?" என்றான் வம்சி.

சுண்ணாம்பு என்றார் கரீம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. ஷெட்டை விட்டு வெளியே போகும் எல்லா வண்டிக்கும் நாலு மூலை ரப்பரிலும் ஒரு பொட்டு வைத்து அனுப்புவார். வண்டி அடுத்த தடவை வரும்போது அந்தப் பொட்டு நசுங்கியிருந்தால் ஷாக் அப்சர் தாங்கவில்லை, அடி ரப்பர் வரைக்கும் போகிறது என்று அர்த்தம். வண்டிக்காரர் ஆயிரம் சொல்லட்டும், பொட்டு சொல்வதைத்தான் அவர் நம்புவார்.

"அப்ப என்ற வெத்தல டப்பால சுண்ணாம்பு கொறையறது இதுலதானா," என்றாள் குல்சும். "எலி திங்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

வலது பக்கப் பொட்டு வைத்தபடியே இருந்தது. அவர் விரல் வைத்து அழுத்திய ரேகைகூட அதில் தெரிந்தது. இடது பக்கம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது பொட்டின் ஓரம் மட்டும் நகம் பட்ட மாதிரி இழுபட்டிருந்தது. அதை அவர் வெகுநேரம் பார்த்தார். டார்ச்சை மேலே பிடிக்கச் சொன்னார், பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். பிறகு வெளியே வந்து உட்கார்ந்து, தலையில் ஒட்டிய புண்ணாக்குத் தூளைத் தட்டினார்.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கங்க. இந்த ஆயிலு ரொம்ப எளசு. அதுல ஒண்ணும் சந்தேகமில்ல. நாப்பது அம்பதுல போயி இந்த வண்டி குதிச்சிருந்துதுன்னா, ரெண்டு பொட்டும் கூழாயிருக்கும். வெங்காயக் காட்டுல பாத்தி பாத்தியா எறங்கி ஏறியிருக்குது பாருங்க, வேகமாப் போயிருந்தா ரப்பரே பிஞ்சிருக்கும். ஒண்ணுமாகல. வலது பக்கம் தொடவே இல்ல. இடது பக்கம் ஓரத்துல ஒருக்கா தொட்டிருக்குது. அது வரப்புல ஏறி நின்னப்ப தொட்டது."

"அப்படின்னா?"

"நடக்கற வேகத்துலதானுங்க போயிருக்குது. ரோட்ட உட்டு எறங்கறதுக்கு மின்னாடியே மாஸ்டரு ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டாரு. வண்டி அது பாட்டுக்கு உருண்டு போயி, கியர்லயே அணைஞ்சு நின்னிருக்குது. நெத்திக் காயம் ஸ்டீரிங்குல சாஞ்சதுலதான் ஆயிருக்கோணும். அவரு நெஞ்சுக்குள்ள என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க, அத டாக்டருதான் சொல்லோணும். வண்டிக்கு நான் சொல்றேன். வண்டி அவரத் தூக்கிப் போடலீங்க. மெதுவாத்தான் கொண்டுபோயி விட்டிருக்குது."

வம்சி டார்ச்சை அணைக்காமலே கையில் வைத்திருந்தான்.

கரீம் மறுபடியும் இடது பெட்டியிடம் போனார். அதன் மூடியையும் திருகி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அதன் அடியிலிருந்த செம்பு வாஷரை நகத்தால் நெம்பி எடுத்தார். பெட்டியின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து தூசி படிந்திருந்தது.

"இது பழைய வாஷருங்க. வியாழக்கெழம புதுசு போட்டிருக்கோணும், மறந்துபோயி இதையே போட்டு முடுக்கிட்டேன். கசிஞ்சிருக்குது. இது என் தப்பு. உங்க வீடியோவுல இதையும் போட்டுக்கங்க."

"எடுக்கலீங்கண்ணா," என்றான் வம்சி. "அப்பவே நிறுத்திட்டேன்."

வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கரீம் நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாகத் தேடிய தப்பு கிடைத்துவிட்டது. அது ஒரு சின்ன வாஷர் அளவுக்குத்தான் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, சோறு ஆறிப்போகுமே என்று குல்சுமிடம் சொன்னார். அவர் தானாகச் சோற்றைப் பற்றிப் பேசியது அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

தென்னை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கத்திரிக்காய் போட்ட தால்ச்சா இருந்தது. வம்சி இரண்டு தடவை போட்டுக்கொண்டான். நடுவில் ஒரு தடவை எழுந்து வாய்க்கால் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். குல்சும் அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

சாப்பிட்டுவிட்டுக் கரீம் இரண்டு பெட்டியையும் சுத்தம் செய்தார். புது வாஷர் அவருடைய ஸ்பேனர் பையிலேயே இருந்தது. ஸ்பிண்டில் ஆயில் மொத்தத்தையும் ஒரு டப்பாவில் வடித்து, கேட் கீலுக்கு ஆகும் என்று ஈஸ்வரமூர்த்தியிடம் கொடுத்தார். கனமான ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஊற்ற ஊற்றப் பெட்டியின் கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே இருக்கும் காற்று குமிழ் விட்டு வெளியே வரும். அந்த வேலையை வம்சி செய்தான். முதலில் கை லொடலொடவென்று ஆடியது. இருபது, முப்பது தடவை ஆனதும் குமிழ் நின்று, கை கனத்தது. அவன் தோள்பட்டையை வைத்துத் தள்ள வேண்டியிருந்தது.

"இப்பத் தெரியுதுங்களா?" என்றார் கரீம்.

"கெட்டித் தயிரக் கடையற மாதிரி இருக்குதுங்கண்ணா."

"அதுதான். இன்னும் பத்துத் தடவ ஆட்டுங்க. பாதியில விட்டா அப்பறம் நைட்டெல்லாம் தூக்கம் வராது, நான் பட்டிருக்கறேன்."

சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கி, இரண்டு மூலையையும் அமுக்கினார். ஒன்று. ஒன்று. ரப்பரில் புதுப் பொட்டு வைக்கக் குல்சுமின் டப்பாவையே வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, டீச்சர் எப்பவும் பின் சீட்டில் இடது பக்கம்தானே உட்காருவீர்கள் என்று கேட்டார். ஆமாம், நீட்டிப் படுத்தாற்போல் உட்கார அதுதான் வசதி என்றேன். அந்தப் பின் மூலையில் உள்ள பெட்டியை மட்டும் கொஞ்சம் தளர்த்தினார். ஏறி உட்காரச் சொன்னார். வம்சி தோப்புக்குள் கல்லும் வேருமாக இருக்கும் வண்டித்தடத்தில் ஒரு சுற்று ஓட்டினான். வலிக்கிறதா என்று மூன்று தடவை திரும்பிக் கேட்டான். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று அவனுடைய அப்பாவிடம் சொல்வதைப் போலவே சொன்னேன். வலிக்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும், கிளம்புவதற்கு முன்னால், கரீம் முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களைப் படுக்க வைத்து அளந்தார். இடது பக்கம் நாலு விரல். வலது பக்கம் மூன்றரை. இரண்டாவது தடவையும் அளந்தார்.

"இது இன்னிக்கு நேத்து ஆனதில்லீங்க. மாஸ்டரு உக்காந்த பக்கம். பதினேழு வருஷம் முன் சீட்டுல தனியாவே உக்காந்து ஓட்டியிருக்காரு, ஆளும் நல்ல கனம். வண்டியத் தாங்கற முறுக்குக்கம்பி அந்தப் பக்கம் கொஞ்சம் தழைஞ்சுபோச்சு. கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டுனா ரெண்டும் சமமாயிரும். ஒரு மணி நேர வேலதான். பண்ணட்டுங்களா?"

வம்சி என்னைப் பார்த்தான்.

"அதனால ஓடறதுக்கு ஏதாவது பழுதா?" என்று கேட்டேன்.

"பழுதொண்ணுமில்லீங்க. பாக்கறவங்களுக்குத்தான் லேசாச் சாஞ்ச மாதிரி தெரியும்."

"அப்ப இருக்கட்டும்."

திங்கட்கிழமை கரீம் ஷெட்டைத் திறந்ததாகக் குல்சும் போன் செய்து சொன்னாள். பிரித்தபடி கிடந்த நாலு வண்டியில் இரண்டு அந்த வாரமே போய்விட்டன. வம்சி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வந்து மோரிஸை எடுக்கிறான். தை மாதம் விட்டுப்போன அவிநாசிப் பயணத்தை ஆனியில் நாங்கள் மட்டும் போய் வந்தோம். கரீமும் குல்சுமும் மொபெட்டில் கருமத்தம்பட்டி வரைக்கும் கூடவே வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். வம்சி மெலிந்தவன், அவன் அப்பாவின் கனத்தில் பாதிகூட இருக்க மாட்டான். அவன் ஏறி உட்கார்ந்தாலும் இறங்கி நின்றாலும், நான் போய் விரல் வைத்து அளந்தால், வலது பக்கம் மூன்றரை விரல்தான் இருக்கிறது.